எங்களுக்கு முன்னே புறப்பட்ட பை

கடற்கரையில் விடுதி தேடுகிறவர்கள் முதலில் அறையிலிருந்து கடல் தெரியுமா என்று பார்ப்பார்கள். நான் பார்ப்பது, கடைசி நாள்வரை இலவசமாக ரத்து செய்ய முடியுமா என்பதை. அந்தக் கட்டத்தில் டிக் போட்ட பிறகுதான் கோவளம் என்ற ஊரே என் போனில் தெரிய ஆரம்பிக்கும். அடுத்து, தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதிய கருத்துகளில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடிப் பிடித்துப் படிப்பேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மனம் நொந்தவர்கள்தான் விவரமாக எழுதுகிறார்கள். ஒருவர், ராத்திரி முழுக்க அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் தூங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அதைப் படித்து என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அந்த விடுதியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போனேன்.

நாங்கள் இருப்பது பெரம்பலூரில். கணவருக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். மகள் பிறப்பதற்கு முன்பு ஒரு பள்ளியில் நிகழ்தகவுப் பாடம் எடுத்தவள். ஒரு விஷயம் நடப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு என்றால் பயப்படத் தேவையில்லை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அதே ஆள்தான் இப்போது, வாய்ப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது பூஜ்யம் இல்லையே என்று சமையல்கட்டில் நின்று யோசிக்கிறவள்.

கோவளம் என்று ஊரைத் தேர்ந்தெடுத்தது ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். கிழக்கே பஸ் பிடித்தால் அரை நாளுக்குள் ஏதாவது ஒரு கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்தான். அவளுக்கு அந்தக் கடல் வேண்டாம். அவள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, மிட்டாய் மாதிரி ஒரு கலங்கரை விளக்கம் இருந்ததாம். அது கேரளாவில், கோவளத்தில் இருப்பது என்று டீச்சர் சொன்னார்களாம். போனால் அந்த லைட்ஹவுஸ் இருக்கிற கடலுக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு முறை டிக்கெட் எடுத்தோம். இரண்டு முறையும் நான் ரத்து செய்தேன்.

முதல் முறை அவளுக்குக் காய்ச்சல். உண்மையைச் சொன்னால், புறப்படுவதற்கு முந்தைய நாள் அவள் உடம்பு கொஞ்சம் கதகதப்பாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றுமில்லை. சரியாக வைக்கவில்லையோ என்று மறுபடி வைத்தேன். விடாமல் வைத்துப் பார்த்ததில், வெயிலில் ஓடியாடி விளையாடிவிட்டு வந்த நேரம் ஒன்றில் அது காய்ச்சல் என்று காட்டியது. மற்ற எல்லா முறையும் பொய், அந்த ஒரு முறை மட்டும் உண்மை என்று முடிவு செய்தேன். இரண்டாம் முறை, கடலோர மாவட்டங்களில் மழை பெய்யலாம் என்று செய்தியில் சொன்னார்கள். 'பெய்யலாம்' என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. நாங்கள் அங்கே இருந்திருக்க வேண்டிய அந்த இரண்டு நாளும் கோவளத்தில் பளீரென்று வெயில் அடித்தது. எப்படித் தெரியும் என்றால், வீட்டில் உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு தரம் அந்த ஊர் வானிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் இரண்டு முறையும் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானப்படுத்தி, குல்ஃபி வாங்கிக் கொடுத்துக் கடந்து போயிருப்பேன். என்னை உலுக்கியது வேறு. பள்ளி வாசலில் காத்திருக்கும்போது ஒரு பையனின் அம்மா, "உங்க பொண்ணு சரியான வாயாடிங்க" என்று சிரித்தபடி சொன்னார். லீவுக்கு யார் எங்கே போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, இவள் எழுந்து நின்று, "நாங்க கோவளம் போறதா இருக்கோம் மிஸ். ஆனா எங்கம்மா போவாது" என்றாளாம்.

அன்று சாயந்திரம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பரீட்சை முடிஞ்சதும் கண்டிப்பா போறோம்டி. அம்மா சொல்றேன்ல" என்றேன்.

"சரி, பாக்கலாம்" என்றாள்.

அது என் வார்த்தை. பொம்மைக் கடை வாசலிலும் பூங்கா வாசலிலும் நான் அவளிடம் சொல்வது. 'முடியாது' என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர் என்பதை அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருக்கிறாள். இனி நான் எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளை நம்பாது என்ற பயம் அன்றைக்கு எனக்குள் புகுந்தது. மற்ற பயங்களை எல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டு அது நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. சுரங்கத்திலிருந்து அவள் அப்பா ஒரு முறை நத்தை மாதிரி சுருண்ட சின்னக் கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நம் ஊரே கடலாக இருந்தது, அதில் வாழ்ந்த உயிர் இப்படிக் கல்லாகிவிட்டது என்று சொன்னார். அவள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப கடல் எங்கப்பா போச்சு?"

"தள்ளிப் போயிடுச்சு."

"யாரும் பாக்க வரலன்னு போயிடுச்சா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "நாமளும் போவலன்னா அது இன்னும் தள்ளிப் போயிடும்" என்றாள், என்னைப் பார்த்து.

ஆக, மூன்றாம் முறை. பங்குனி வெயில் தகித்தது. பரீட்சை முடிந்தது. அரியலூரில் நின்று மதுரை, நாகர்கோவில் வழியாகக் கேரளா போகிற ரயிலில் கணவர் டிக்கெட் எடுத்தார். எங்கள் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற அரியலூர்தான் போக வேண்டும். அங்கே ரயிலடிக்குப் பக்கத்திலேயே என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, குடியிருக்கிறாள். நான் விடுதிக்குப் போன் செய்தேன். ஒரு மலையாளத்துப் பையன் எடுத்தான். நன்றாகவே தமிழ் பேசினான்.

"தம்பி, உங்க பீச்சுல ஆழம் எங்கேருந்து ஆரம்பிக்கும்?"

"கடலிலேருந்து ஆரம்பிக்கும் மேடம்."

"இல்லப்பா... அலை எவ்வளவு உயரம் வரும்?"

"அது நம்மட கையில இல்லா மேடம்."

"சரி, பக்கத்துல குழந்தை டாக்டர் யாராவது இருக்காங்களா?"

"குட்டிக்கு சுகமில்லையா மேடம்?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கா."

"பின்ன?" என்றான் அவன்.

நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து மறுபடி கூப்பிட்டு, ஜன்னலுக்குக் கம்பி உண்டா என்று கேட்டேன். அறை தரைத்தளத்தில் இருக்கிறது என்று அவன் பொறுமையாகச் சொன்னான். அப்படியென்றால் தண்ணீர் உள்ளே வராதா என்று கேட்க நினைத்தேன். பக்கத்திலிருந்த கணவர் போனைப் பிடுங்கிவிட்டார்.

எல்லாம் கூடி வந்தது. அப்போதுதான் நான் காலண்டரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சமையல்கட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் நாங்கள் புறப்படும் நாளைத் தூக்கிப் பார்த்தால், வியாழக்கிழமை, சூலம் தெற்கு, பரிகாரம் தைலம் என்று போட்டிருந்தது. சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் பயணம் போகக் கூடாது. கோவளம் தெற்கே இருக்கிறது. அதுவும் சாதாரணத் தெற்கில்லை. அதற்கு மேல் கொஞ்சம் போனால் நாடே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இதையெல்லாம் பார்க்கிற பெரியவர்கள் யாரும் இல்லை. என் மாமியாருக்கு இதில் நம்பிக்கையே கிடையாது. கணவருக்குச் சூலம் என்றால் கோவிலில் இருப்பது. படித்தவள் என்று பேர் வாங்கிய நான் ஒருத்திதான் பார்த்தேன். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. ஆனால் போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால், காலண்டரில் போட்டிருந்ததே, பார்த்தும் போனாயே என்று நானே என்னைக் கேட்பேன். அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

"தைலம் போதும்னு போட்டிருக்குல்ல. தலைவலித் தைலம் இருக்கு, தேச்சிட்டுக் கெளம்பு" என்றார் கணவர்.

"தேய்க்கணுமா குடிக்கணுமான்னே போடலங்க."

"ரெண்டும் செய். சந்தேகமே இருக்காது."

வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். இடமில்லை. அப்போதுதான் எனக்கு என் அப்பா செய்தது ஞாபகம் வந்தது. வேலை மாற்றலாகி வேறு ஊர் போக வேண்டியிருந்தபோது, புறப்படும் நாள் சரியில்லை என்று, முன்னதாகவே ஒரு நல்ல நேரம் பார்த்துத் தன் துண்டு ஒன்றை மடித்துத் தெருக்கோடி வீட்டில் கொடுத்துவைத்தார். போகிறவரின் பொருள் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் அது புறப்பாடு ஆகாது. வழியில் இருக்கிறவர் நடையைத் தொடர்கிறார், அவ்வளவுதான். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர்.

இதைவிட அழகாக ஒரு சட்டத்தை யாரும் ஏமாற்ற முடியாது. என் கணித மூளை குளிர்ந்துபோனது. பொருளை வைக்க நாத்தனார் வீடு இருக்கவே இருக்கிறது. ரயில் ஏறப் போகும்போது எடுத்துக்கொண்டால் ஆயிற்று.

அப்பா அனுப்பியது ஒரு துண்டு. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு துண்டுக்கே இவ்வளவு பலன் என்றால், மொத்தச் சாமானையும் அனுப்பினால் எவ்வளவு பலமாக இருக்கும் என்று யோசித்தேன். எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் அடைத்தேன். மூவரின் துணி, மாற்றுத் துணி, மாற்றுத் துணி நனைந்தால் போட இன்னொரு துணி, நீந்தும் வளையம், வெயிலுக்குத் தடவும் கிரீம், தொப்பி, காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, கஞ்சி மாவு, தெர்மாமீட்டர், அது பொய் சொன்னால் சரிபார்க்க இன்னொரு தெர்மாமீட்டர். பையின் ஜிப்பை மூட கணவர் அதன்மேல் உட்கார வேண்டியிருந்தது.

"ஏம்மா, நாம போறது கடலுக்கா, காசிக்கா?"

"உனக்கு என்ன எடுத்து வைக்கணும், சொல்லு" என்று மகளைக் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் நீதான் எல்லாத்தையும் திருப்பி எடுத்து வைக்கணும்."

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் பையோடு பஸ் ஏறி அரியலூர் போனேன். நாத்தனார் வாசலிலேயே நின்று பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, எங்க அண்ணன் உங்கள வூட்ட விட்டுத் தொரத்திட்டாரா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப இந்தப் பை கெளம்பினா நீங்க கெளம்பின மாதிரியா? கோவளம் போறவங்க இந்நேரத்துக்கு என் வூட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கீங்க?"

"அப்படித்தான் கணக்கு."

"நல்ல கணக்கு. எம்.எஸ்ஸி. படிச்சாத்தான் இதெல்லாம் வரும் போல" என்றபடி பையைக் கூடத்தில் நாற்காலி போட்டு அதன்மேல் மரியாதையாக வைத்தாள். எனக்கு மோர் கொடுத்தாள். பைக்கும் ஒரு டம்ளர் வேண்டுமா என்று கேட்டாள்.

நிம்மதியாக வீடு திரும்பிக் காலண்டரின் அன்றைய தாளைக் கிழிக்கப் போனேன். திங்கட்கிழமை, சூலம் கிழக்கு. அரியலூர் பெரம்பலூருக்குக் கிழக்கே இருக்கிறது. தெற்குச் சூலத்தைத் தாண்டுவதற்காகக் கிழக்குச் சூலத்தில் நேராகப் போய் ஏறியிருக்கிறேன். பரிகாரம் தயிர்.

"மோர் குடிச்சேன்னியே. தயிரோட தம்பிதான் அது, ஒத்துக்குவாங்க" என்றார் கணவர்.

அடுத்த நாள் மனசு கேட்காமல் நாத்தனாருக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை ரயிலில் யாராவது ரத்து செய்து இடம் கிடைத்தால் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றேன். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைக் கணவரிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், விடுதிப் பையனிடம்கூடச் சொன்னேன். நாத்தனாரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு, தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு, கிளம்பிவிட்டோம். சாப்பாட்டுக் கூடை என் கையில். மகள் தோளில் அவளுடைய பள்ளிப் பை. அதில்லாமல் அவள் எங்கும் வருவதில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் வந்தாள். மாமா வீட்டுக்குப் போகும்போதுகூட 'எப்பம்மா வரும்' என்று நச்சரிக்கிற பிள்ளை.

அரியலூரில் நாத்தனார் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

கணவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். நானும் இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. நாற்காலிமேல் பை உட்கார்ந்திருந்தது. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சொல்லுங்க அண்ணி!"

"எங்கம்மா இருக்க? உன் வூட்டு வாசல்ல நிக்கிறோம்."

"எந்த வூட்டு வாசல்ல?"

"அரியலூர்லதான்!"

"ஐயையோ, இன்னிக்கா? வெள்ளிக்கெழமைன்னு சொன்னீங்களே! நாங்க விடியக்காலமே ஆண்டிமடம் வந்துட்டோம். முந்திரிக்கொட்டை பொறுக்க ஆளு பத்தலன்னு எங்க மாமியா போன் மேல போன். இப்ப தோப்புலதான் நிக்கிறேன்."

"சாவி?"

"சாவி என் இடுப்புல இருக்கு."

ஆண்டிமடத்திலிருந்து அவள் பைக்கில் பறந்து வந்தாலும் அதற்குள் ரயில் திருச்சியைத் தாண்டிவிடும். கணவர் தலையைச் சொறிந்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். உள்ளுக்குள் ஜில்லென்று ஒரு நிம்மதி பரவியது. அலை இல்லை, ஆழம் இல்லை, காய்ச்சல் இல்லை. பூட்டுப் போட்டது நான் இல்லை. துணி இல்லாமல், மருந்து இல்லாமல், தெர்மாமீட்டர் ஒன்றுகூட இல்லாமல், குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வெளியூர் போவாள்? உலகத்தில் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் நாத்தனார் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, என் விரல் தானாகவே விடுதியின் பக்கத்தைத் திறந்து, ரத்து செய்கிற இடத்துக்கு மேல் போய் நின்றது. இதற்காகத்தானே அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். சொல்ல வேண்டிய வேலையே இல்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் மாதிரி நிதானமாக ஒன்றைக் கழற்றி, அதற்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டாவதன் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இருக்கீங்களா?" என்றாள் நாத்தனார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தோப்பு முழுக்க எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது. "திரும்பிக் கிரும்பிப் போயிடப் போறீங்க. நீங்கதான சொன்னீங்க, பை கெளம்பினா ஆளு கெளம்பின மாதிரின்னு? திங்கக்கெழமையே நீங்க கெளம்பியாச்சு. இப்பத் திரும்பினா அது பாதி வழியில திரும்பின மாதிரி. அதுக்கு என்ன பரிகாரம்னு காலண்டர்ல போட்டிருக்கானா, பாத்துச் சொல்லுங்க."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் உண்மையாகவே யோசித்தேன். தயிர், வெல்லம், பால், தைலம் எல்லாம் மனதில் ஓடின. பாதி வழியில் திரும்புகிறவளுக்கு எதுவும் இல்லை. நான் கட்டிய கணக்கு என்னையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

"அடையாள அட்டையெல்லாம்?" என்று கணவரைக் கேட்டேன்.

"என் பர்ஸ்ல இருக்கு. பையில வைக்க ஒங்கிட்டக் குடுக்க மறந்துட்டேன்" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

போனை மூடிவிட்டு மகளுக்கு முன்னால் குந்தினேன். ஷூவுக்குள்ளிருந்து சாக்ஸை எடுத்து அவள் காலில் மாட்டினேன்.

"வூட்டுக்குப் போவறதுக்கு எதுக்கும்மா ஷூ?"

"வீட்டுக்கு இல்ல. ரயிலுக்கு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்தாள், உண்மையா என்று. அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த காலை நீட்டினாள்.

ரயில் புறப்பட்டது. கொள்ளிடம் வந்தது, காவிரி வந்தது, திருச்சியில் ரயில் நின்றது. நின்ற நேரம் முழுக்க அவள் என் புடவை முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். பாசம் என்று நினைத்தேன். திருச்சியைத் தாண்டி ரயில் வேகம் பிடித்ததும் முந்தானையை விட்டாள்.

"அம்மா, இனிமே நீயே நெனச்சாலும் எறங்க முடியாதுல்ல?"

"முடியாது."

"நெசமா?"

"நெசமா."

அதற்குப் பிறகு எலுமிச்சைச் சாதம் கேட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பள்ளிப் பையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். அந்த நத்தைக் கல். கடலுக்குக் காட்டுவதற்காம். எப்போது எடுத்து வைத்தாய் என்று கேட்டேன். முதல் தடவை போவதாக இருந்தபோதே வைத்தது, வெளியே எடுக்கவே இல்லை என்றாள். இத்தனை மாதமாகப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அது அவள் முதுகிலேயே இருந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு கனமா என்று நான் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டது, கோடி வருஷத்துக் கல்லையும் சேர்த்துத்தான். கணவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கோவளத்தில் முதல் வேலையாகக் கடற்கரைக் கடையில் துணி வாங்கினோம். மகளுக்கு லைட்ஹவுஸ் படம் போட்ட பனியன், முழங்கால்வரை தொங்கியது. எனக்கும் அதே படம். கணவருக்கும் அதே படம். குடும்பமாக நாங்கள் ஏதோ ஊர்வலத்தில் வந்தவர்கள் மாதிரி மணலில் இறங்கினோம். வளையம் இல்லை, தொப்பி இல்லை, கிரீம் இல்லை. ஆகவே, பையில் இருந்த எல்லாவற்றுக்கும் பதிலாக நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கரையில் நின்ற பாதுகாவலர் விசில் அடித்தார். நான் அவளை இழுத்துக்கொண்டு மேலே ஓடினேன். விசில் தூரத்தில் நீந்திக்கொண்டிருந்த யாருக்கோ. நாங்கள் நின்ற இடத்தில் ஈரமே இல்லை.

மறுபடி இறங்கினோம். முதல் பெரிய அலை வந்தது. அவள் துள்ளிக் குதித்து நின்றுகொண்டாள். நான்தான் விழுந்தேன். வாயெல்லாம் உப்பு, காதெல்லாம் மணல். "எங்கம்மா வுழுந்துட்டாங்க! எங்கம்மா வுழுந்துட்டாங்க!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அவள் சந்தோஷமாக அறிவித்தாள். எழுந்து பார்த்தால் என் கை காலியாக இருந்தது. அவள் ஒரு எட்டு தள்ளி, பாதம் நனையும் தண்ணீரில் நின்று, கல்லை உள்ளங்கையில் வைத்துக் கடலுக்கு நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கைக்குட்டையில் திரும்ப முடிந்துகொண்டாள்.

"கடல்ல போடலயா?" என்றார் அவள் அப்பா.

"காட்டினாப் போதும். இது நம்ம ஊருது."

மத்தியானம் நாத்தனார் ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் வீட்டுக் கூடம். நாற்காலியில் எங்கள் பை. அதற்கு ஒரு கூலிங் கிளாஸ் மாட்டி, பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் மோர் வைத்திருந்தாள். 'பை நல்லா ரெஸ்ட் எடுக்குது அண்ணி, நீங்க அவசரப்பட்டு வராதீங்க' என்று கீழே எழுதியிருந்தாள். மகள் அதை விடுதிப் பையனிடம் கொண்டுபோய்க் காட்டி முழுக் கதையையும் சொன்னாள். அவன் என்னைப் பார்த்து, "ஜன்னல் கம்பி கேட்ட மேடம் அல்லே?" என்றான்.

சாயந்திரம் அறைக்குத் திரும்பும்போது சிவப்பும் வெள்ளையுமாக அந்த லைட்ஹவுஸ் மேலே தெரிந்தது. "நாளைக்குக் காலைல அதுமேல ஏறலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், வாயை விட்டுவிட்டோமே என்று.

மகள் 'பாக்கலாம்' என்று சொல்லவில்லை. "சரி" என்றாள். அறைக்குள் போனதும் ஷூவைத் தட்டி மணலைக் கொட்டினாள். இரண்டையும் ஜோடியாக, முனை வெளியே பார்க்கும்படி கதவை ஒட்டி வைத்தாள். காலையில் கால் நுழைத்தால் நேராகக் கிளம்ப வேண்டியதுதான்.

அவளும் அவள் அப்பாவும் நாளைக்கு மேலிருந்து என்னென்ன தெரியும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்து, லைட்ஹவுஸுக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களைத் தேடினேன். படிகள் செங்குத்து, மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது என்று ஒருவர் விவரமாக எழுதியிருந்தார். முழுவதும் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.